தொடுவானத்துக்கு எத்தனை மைல்?

வானமும் மண்ணும் ஒன்றையொன்று தொட்டுக்கொள்வதாகத் தோன்றும் கோட்டினை நம் முன்னோர் அடிவானம் என்றனர். தொடுவானம் என்றும் அழைத்தனர். அரபு மொழியார் அதனை உஃபுக் என்பர். பெயர் எதுவாயினும் வினா ஒன்றே: நாம் நிற்கும் இடத்திலிருந்து அந்தக் கோடு எத்தனை மைல் தொலைவில் இருக்கிறது?

பத்தாம் வகுப்பு மாணவி ஒருத்தி தாளும் பென்சிலும் கொண்டு ஐந்து நிமிடத்தில் விடை காணக்கூடிய வினா இது. எனினும் நம்மில் கற்றறிந்தவர் எனப்படுவோரிடம் கேட்டுப் பாருங்கள். ஒருவர் ஐம்பது மைல் என்பார். இன்னொருவர் நூறு மைல் என்பார். மூன்றாமவர், அதற்கேது எல்லை என்று கவிஞராகிவிடுவார். நான்காமவரோ, இதைத் தெரிந்துகொண்டு என்ன ஆகப்போகிறது என்று நம்மையே மடக்குவார். முதல் மூவர் மீது நமக்கு வருத்தமில்லை. அறியாமை தீரக்கூடிய நோய். நான்காமவரோடுதான் நமக்கு வழக்கு.

அவருடைய வாதத்தை அவர் தரப்பிலேயே நின்று எடுத்துரைப்போம், அதுவே நேர்மை. விருதுநகர் மாவட்டம் கடலைக் காணாத கரிசல் பூமி. இங்கே துறைமுகம் இல்லை, கப்பல் இல்லை, கலங்கரை விளக்கம் இல்லை. மழை பொய்த்தால் காடு காயும். காடு காய்ந்தால் பட்டாசு ஆபீசும் தீப்பெட்டி ஆபீசும் அச்சகமுமே சோறு போடும். இத்தகைய ஊர்களில் பிறந்த பிள்ளை தேர்வில் தேறி, ஒரு வேலையில் அமர்ந்து, பெற்றோரைத் தீ மருந்தின் பக்கத்திலிருந்து மீட்டால் போதாதா? வினாத்தாளில் வராத தொடுவானக் கணக்கு அதற்கு எதற்கு? ஏட்டுச் சுரைக்காய் கறிக்கு உதவுமா?

இந்த வாதத்தில் ஓர் ஏழைத் தகப்பனின் கவலை இருக்கிறது. அதை நாம் மதிக்கிறோம். ஆனால் கவலை மெய்யாயிருப்பதால் முடிவும் மெய்யாகிவிடாது.

சிவகாசிக்காரர்களின் வரலாற்றையே சற்று நினைத்துப் பார்ப்போம். 1922-ஆம் ஆண்டில் ஐய நாடாரும் சண்முக நாடாரும் கல்கத்தாவுக்குச் சென்று தீப்பெட்டித் தொழிலைக் கற்று வந்தனர். அவர்கள் எதைத் தேடிப் போனார்கள்? கண்டு திரும்புவதோடு நில்லாமல், ‘இது எப்படி ஆகிறது?’ என்ற வினாவுக்கு விடை தேடியல்லவா போனார்கள்? அந்த வினாவின் மீது எழுந்ததுதான் அந்த ஊரின் செல்வம் முழுவதும். எப்படி என்று கேட்டுச் செழித்த ஊர், தன் பிள்ளைகளிடம் அதைக் கேளாதே என்று சொல்வது முறையாகுமா?

அந்தச் செல்வத்துக்குப் பிள்ளைகளும் விலை கொடுத்தனர் என்பதை மறைப்பதற்கில்லை. விடியுமுன் ஊர் ஊராகச் சென்ற வண்டிகளில் ஏறிப் போய்க் கட்டை அடுக்கிய விரல்களும், பெட்டி ஒட்டிய விரல்களும் பென்சில் பிடிக்க வேண்டிய விரல்களே. 1986-இல் குழந்தைத் தொழிலாளர் தடை மற்றும் ஒழுங்குமுறைச் சட்டம் வந்தது. சிவகாசித் தீப்பெட்டித் தொழிலை முன்னிட்டு எம்.சி. மேத்தா தொடுத்த வழக்கில் 1996 டிசம்பரில் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்து, சட்டத்தை மீறி வேலை வாங்கிய முதலாளி ஒவ்வொரு பிள்ளைக்கும் 20,000 ரூபாய் செலுத்த வேண்டும் என்றது. 2016-இல் வந்த திருத்தம், 14 வயது நிரம்பாத பிள்ளையைத் தொழில்களில் அமர்த்துவதையே தடை செய்தது. அதற்கும் முன்னரே, விருதுநகரில் பிறந்து, தம் படிப்பைச் சிறு வயதிலேயே இழந்த காமராசர், முதலமைச்சராகி ஊர்தோறும் பள்ளி திறந்து மதிய உணவும் தந்திருந்தார். இத்தனை பேரின் உழைப்பால் வேலைப் பலகையிலிருந்து பள்ளிப் பலகைக்கு வந்து சேர்ந்த பிள்ளைக்கு நாம் என்ன கொடுக்கிறோம் என்பதே இப்போதைய வினா.

தேர்ச்சி கொடுக்கிறோம். அதில் ஐயமில்லை. 2017-ஆம் ஆண்டிலும் 2018-ஆம் ஆண்டிலும் பிளஸ் டூ தேர்ச்சி விழுக்காட்டில் மாநிலத்திலேயே முதலிடம் பெற்றது விருதுநகர் மாவட்டம். உழைத்த ஆசிரியர்களுக்கு நம் வாழ்த்து உரியது. ஆனால், தேர்ச்சி பெற்ற பிள்ளையை வீட்டின் மொட்டைமாடிக்கு அழைத்துச் சென்று, அதோ அந்தக் கோடு எவ்வளவு தூரம் என்று கேட்டால் என்ன விடை வரும்? வட்டத்தின் தொடுகோடு, தொடும் புள்ளியில் ஆரத்துக்குச் செங்குத்தாகும் என்பது அவள் படித்ததே. பிதாகரஸ் தேற்றமும் படித்ததே. வர்க்கமூலம் அதற்கும் முன்னரே படித்தது. மூன்று சாவிகளும் கையிலிருக்க, பூட்டு எங்கேயிருக்கிறது என்று அவளுக்கு யாருமே காட்டவில்லை. ஏற்றக்கோணம், இறக்கக்கோணம் என்ற பாடத்தில் கலங்கரை விளக்கத்தின் உச்சியிலிருந்து கப்பலைப் பார்க்கும் கணக்கு ஆண்டுதோறும் வருகிறது. அந்தக் கப்பல் எத்தனை மைலுக்கு அப்பால் போனால் கண்ணுக்கு மறையும் என்று மட்டும் எவரும் கேட்பதில்லை. அந்தக் கணக்குகளில் கடல், பலகைபோல் தட்டையாகவே கிடக்கிறது!

கணக்கைச் செய்தே காட்டிவிடுவோம். பூமி ஏறத்தாழ ஓர் உருண்டை. அதன் ஆரம் சுமார் 6,371 கிலோமீட்டர். அதன் மேல் ஒருவர் நிற்கிறார். அவருடைய கண்ணிலிருந்து புறப்படும் பார்வைக் கோடு உருண்டையை ஓரிடத்தில் தொட்டுச் செல்கிறது. தொடும் அந்த இடமே தொடுவானம். நம் மொழி சூட்டிய பெயரிலேயே பாதிக் கணக்கு அடங்கிவிட்டது. பூமியின் நடுப்புள்ளி, தொடும் புள்ளி, பார்ப்பவரின் கண் ஆகிய மூன்றையும் இணைத்தால் ஒரு செங்கோண முக்கோணம் கிடைக்கும். அதன் கர்ணம், ஆரத்தோடு கண்ணின் உயரத்தைக் கூட்டிய நீளம். ஒரு பக்கம் ஆரம். மற்றொரு பக்கமே நாம் தேடும் தொலைவு. கர்ணத்தின் வர்க்கத்திலிருந்து ஆரத்தின் வர்க்கத்தைக் கழித்தால் எஞ்சுவன இரண்டு: ஆரத்தை உயரத்தால் பெருக்கி இரட்டித்த தொகை ஒன்று; உயரத்தின் வர்க்கம் மற்றொன்று. பின்னது மலைமுன் கடுகு போன்றது, விட்டுவிடலாம். முன்னதன் வர்க்கமூலமே விடை.

சுருங்கச் சொன்னால், கண்ணின் உயரத்தை மீட்டரில் எடுத்து, அதன் வர்க்கமூலத்தை 3.57-ஆல் பெருக்கினால் தொலைவு கிலோமீட்டரில் கிடைக்கும். அடிக்கணக்கில் பழகிய பெரியவர்களுக்கு இதனினும் எளிய வழி உண்டு. உயரத்தை அடியில் எடுத்து, அதனோடு அதன் பாதியைக் கூட்டி, வர்க்கமூலம் காண்க. விடை மைலில் வந்துவிடும். கண் 6 அடி உயரத்தில் இருக்குமானால் 6-உம் 3-உம் 9. அதன் மூலம் 3. ஆகவே, கடற்கரையில் நிற்கும் நெட்டை மனிதருக்குத் தொடுவானம் வெறும் 3 மைல்! ஐம்பது மைலும் நூறு மைலும் எங்கே, இந்த மூன்று மைல் எங்கே! காற்று மண்டலம் ஒளியைச் சற்றே வளைத்துக் கொண்டுவருவதால் இன்னும் 8 விழுக்காடு அளவுக்குக் கூடுதலாகத் தெரியும். அவ்வளவே.

இக்கணக்கு கற்பிக்கும் இன்னொரு பாடமும் உண்டு. உயரத்தை இரட்டித்தால் தொலைவு இரட்டிப்பதில்லை. இருமடங்கு தூரம் பார்க்க வேண்டுமானால் நான்கு மடங்கு உயரம் ஏற வேண்டும். மூன்று மடங்குக்கு ஒன்பது மடங்கு.

இது கடலோரத்தாருக்கு மட்டும் உரிய கணக்கா? ஸ்ரீவில்லிபுத்தூர்க் கோபுரத்தை எடுத்துக்கொள்வோம். அதன் உயரம் 192 அடி என்பர். அதனோடு பாதியான 96-ஐக் கூட்டினால் 288. மூலம் ஏறத்தாழ 17. சமதரை என்று கொண்டால், அதன் உச்சியிலிருந்து 17 மைல், அதாவது 27 கிலோமீட்டர் சுற்றளவுக்குப் பார்வை செல்லும். நேர்கோட்டில் ஏறத்தாழ 20 கிலோமீட்டர் தொலைவிலுள்ள சிவகாசி அதற்குள் அடங்கும். 36 கிலோமீட்டர் தொலைவிலுள்ள விருதுநகரின் தரை அடங்காது. ஆயினும் விருதுநகரில் ஒருவர் இரண்டு மாடி ஏறி, கண்ணை 6 மீட்டர் உயரத்துக்குக் கொண்டு சென்றால், அவருடைய தொடுவானம் 8.7 கிலோமீட்டர், இரண்டையும் கூட்டினால் 36. கோபுர உச்சி அவருக்கு எட்டிவிடும். நிலம் கடல்போல் சமமாய் இராது. மேடும் மரமும் கட்டடமும் குறுக்கிடும். ஆகவே நேரில் பார்க்கும்போது விடை மாறுபடக்கூடும். எங்கே, ஏன், எவ்வளவு மாறுபடுகிறது என்று கேட்கத் தொடங்கும் பிள்ளையே நமக்கு வேண்டும்.

சிவகாசியின் சொந்தச் சரக்கையே எடுத்துக்கொள்வோமே. வாணவெடி ஒன்று 100 மீட்டர் உயரத்தில் பூக்கிறது என்று கொள்க. அதன் தொடுவானம் 35.7 கிலோமீட்டர். தரையில் நின்று பார்ப்பவரின் கண் 1.6 மீட்டர் உயரத்தில் இருந்தால் அவருடைய தொடுவானம் 4.5 கிலோமீட்டர். இரண்டும் சேர்ந்து 40. குறுக்கே தடையில்லையெனில் 40 கிலோமீட்டருக்கு அப்பாலுள்ளவரும் அந்தப் பூவைக் காணலாம். சிவகாசியிலிருந்து விருதுநகர் நேர்கோட்டில் ஏறத்தாழ 23 கிலோமீட்டர்; அங்குள்ளவருக்குத் தெரிய 90 அடி எழும்பினாலே போதும். ஒலி அங்கே போய்ச் சேர்வதாயின் ஒரு நிமிடத்துக்கு மேலாகும். நாடெங்கும் தீபாவளி இரவை ஒளிமயமாக்கும் பண்டத்தைச் சுற்றிக் கட்டித் திரி வைக்கும் குடும்பத்துப் பிள்ளைக்கு, தன் வீட்டார் செய்தது எவ்வளவு தூரம் தெரியும் என்று அறியும் உரிமைகூட இல்லையா? இதுவா ஏட்டுச் சுரைக்காய்?

கணக்கு அறியாதவன் கண்ணிருந்தும் பிறர் சொல்வதையே பார்க்கிறான். இதற்குச் சான்று தேடித் தொலைதூரம் செல்ல வேண்டியதில்லை. 1985-இல் மாவட்டம் பிரிக்கப்படும் வரை விருதுநகரும் தனுஷ்கோடியும் ஒரே இராமநாதபுரம் மாவட்டத்தில் இருந்தவை. இன்றும் இப்பக்கத்துப் பள்ளிகளின் சுற்றுலா இராமேசுவரம் போய், அரிச்சல்முனையில் முடிகிறது. அங்கே கடலைப் பார்த்து நிற்கும் பிள்ளைகளிடம், அதோ தெரிகிறதே அதுதான் இலங்கை என்று கை காட்டுவோர் உளர். பிள்ளைகளும் பார்த்துவிட்டோம் என்று மகிழ்ந்து திரும்புகின்றனர்.

பார்த்தார்களா? அரிச்சல்முனையிலிருந்து மன்னார்த் தீவின் முனை 25 முதல் 30 கிலோமீட்டர். கை காட்டுபவருக்குச் சாதகமாக 25 என்றே வைத்துக்கொள்வோம். காற்று ஒளியை வளைப்பதையும் அவர் பக்கமே சேர்ப்போம். கரையில் நிற்பவரின் பார்வை 4.9 கிலோமீட்டரில் கடலைத் தொட்டுவிடும். எஞ்சிய 20 கிலோமீட்டருக்கு அப்பாலுள்ள பொருள் தெரிய வேண்டுமானால், அது 27 மீட்டர், அதாவது ஏறத்தாழ 90 அடி உயர்ந்திருக்க வேண்டும். மன்னார்த் தீவோ மணல் படிந்த தாழ்நிலம். ஆகவே பகலில் கரையில் நிற்பவர் சுட்டிய அந்தக் கோடு, பெரும்பாலும் இடையிலுள்ள மணல் திட்டாகவோ மேகத்தின் நிழலாகவோதான் இருக்க முடியும். உயர்ந்த கோபுர விளக்கு இரவில் தெரியலாம். வெப்பக் காற்று அடுக்குகள் சில நாட்களில் தொலைக் காட்சியைத் தூக்கிக் காட்டவும் கூடும். அவை எப்போதோ நிகழ்பவை. நாள்தோறும் வரும் ஒவ்வொரு பேருந்துக்கும் இலங்கை தோன்றுவதில்லை. ஒரு வர்க்கமூலம் தெரிந்திருந்தால், கூட்டத்தில் ஒரு சிறுமியாவது, ஐயா, அது எவ்வளவு உயரம் என்று கேட்டிருப்பாள். அந்த ஒரு கேள்வி எழாத இடத்தில் எதையும் விற்கலாம், எதையும் நம்பவைக்கலாம்.

கணக்கு நமக்கு அந்நியம் என்று எண்ணுவோரும் நம்மிடையே இருக்கின்றனர். அவர்களுக்கு அபூ ரைஹான் அல்பீரூனியை நினைவூட்டுகிறோம். கி.பி. 973-இல் பிறந்த அப்பேரறிஞர், பஞ்சாபின் உப்பு மலைத்தொடரில், இன்று பாகிஸ்தானில் இருக்கும் நந்தனா கோட்டையருகே நின்று பூமியின் ஆரத்தை அளந்தார். அவருக்கு முன்னர் கலீஃபா மஃமூனின் காலத்து அறிஞர்கள் சிஞ்சார்ப் பாலைவனத்தில் வடக்கு தெற்காக நடந்து ஒரு பாகையின் நீளத்தை அளந்திருந்தனர். பீரூனி நடக்கவில்லை, ஏறினார். மலையின் உயரத்தை முதலில் கண்டார். அது 652 முழம். பின் உச்சியில் நின்று, கிடைமட்டத்திலிருந்து தொடுவானம் எவ்வளவு தாழ்ந்திருக்கிறது என்று பார்த்தார். 34 கலை, அதாவது அரைப் பாகைக்குச் சற்றுக் கூடுதல். மேலே நாம் வரைந்த அதே முக்கோணம்தான். நாம் ஆரத்தைக் கொண்டு தொலைவைக் கண்டோம். அவர் தாழ்வுக் கோணத்தைக் கொண்டு ஆரத்தையே கண்டார்.

இங்கே நம்மவர் சிலரோடும் நமக்கு ஒரு வழக்கு உண்டு. பீரூனி சில கிலோமீட்டர் பிழைக்குள் பூமியை அளந்துவிட்டார் என்று மீலாது மேடைகளில் முழங்குகின்றனர். அவர் கொண்ட முழம் இன்றைய அளவில் எவ்வளவு என்பதில் அறிஞர்களிடையே ஒருமித்த முடிவில்லை. காற்று ஒளியை வளைப்பதும் அவர் கணக்கில் சேரவில்லை. ஆகவே அந்தக் கிலோமீட்டர்ப் பெருமை நிற்காது. நிற்பது அவருடைய முறை. அந்த முறையைச் செய்து பார்க்கும் பிள்ளைகள் பத்துப் பேரை உருவாக்காமல், அவர் பெயரை நூறு தடவை சொல்வதால் யாருக்கு என்ன பயன்? முன்னோர் உண்ட சோறு பின்னோர் பசியை ஆற்றாது.

நம் கரையோர மாலுமிகளோ இதை ஏட்டில் படிக்கவில்லை, தொழிலில் கற்றனர். அரபு மாலுமிகள் கமால் என்றும், சோழமண்டலக் கரையார் இராப்பலகை என்றும் அழைத்த சிறு பலகையின் கீழ் விளிம்பைத் தொடுவானத்தில் பொருத்தி, மேல் விளிம்பில் துருவ விண்மீனை நிறுத்தி, தாம் எவ்வளவு வடக்கே அல்லது தெற்கே இருக்கிறோம் என்று அறிந்தனர். அவர்களுக்குத் தொடுவானம் கவிதைப் பொருளன்று; கைக்கருவியின் ஒரு பாதி. தூரத்தில் வரும் கப்பலின் பாய்மரம் முதலில் தெரிவதையும் உடல் பின்னர் எழுவதையும் நாள்தோறும் கண்ட அவர்களிடம், பூமி தட்டை என்று எவரேனும் சொல்லியிருந்தால் சிரித்திருப்பார்கள். இன்று அந்த மாலுமிகளின் வழிவந்தோர் கையிலுள்ள கைப்பேசிக்கே, பூமி தட்டை என்னும் காணொலிகள் நாள்தவறாமல் வந்து சேர்கின்றன. விடையைக் கைப்பேசியே சொல்லிவிடுமே, கணக்கு எதற்கு என்பாரும் இதைச் சிந்திக்க வேண்டும். மெய்யான விடையைத் தரும் அதே கருவி பொய்யான விடையையும் தருகிறது. இரண்டில் எது மெய் என்று பிரித்தறியும் வேலையைக் கருவி செய்யாது. முக்கோணம் வரையத் தெரிந்த மூளையே செய்ய வேண்டும்.

பிறை பார்க்கும் மாலையிலும் இக்கணக்குக்கு வேலை உண்டு. மார்க்கத் தீர்ப்பு வழங்குவது நம் பணியன்று; அது ஆலிம் பெருமக்களின் பொறுப்பு. அளவுகளை மட்டும் எடுத்து வைக்கிறோம். 100 அடி உயர மினாராவில் ஏறிப் பார்த்தோம், ஆகவே கீழே தெரியாத பிறை எங்களுக்குத் தெரிந்தது என்ற பேச்சு அவ்வப்போது எழுகிறது. 100 அடியிலிருந்து தொடுவானம் 19.7 கிலோமீட்டர். பூமியின் மேல் 111 கிலோமீட்டர் ஒரு பாகை. ஒரு பாகை தாழ வானத்துப் பொருளுக்கு ஏறத்தாழ 4 நிமிடம். ஆகவே மினாரா ஏறியவருக்குக் கிடைக்கும் கூடுதல் நேரம் முக்கால் நிமிடம்கூட இல்லை! மரங்களுக்கும் கட்டடங்களுக்கும் மேலே செல்லலாம் என்பதே அங்கே ஏறுவதன் மெய்யான பயன். மறுபுறம், சிவகாசி வட்டாரத்தின் மேற்கு வானத்தை மறைத்து நிற்பது மேற்குத் தொடர்ச்சி மலை. 40 கிலோமீட்டர் தொலைவில் 1,500 மீட்டர் உயர மலை நின்றால், பூமியின் வளைவைக் கழித்த பின்னும் ஏறத்தாழ 2 பாகை வானம் மறைந்துவிடும். அது 8 நிமிடம். மினாரா தருவது முக்கால் நிமிடம். மலை பறிப்பது 8 நிமிடம். இந்த இரு எண்களையும் அறிந்த ஊரில், பிறை பார்த்தோம், பார்க்கவில்லை என்ற சச்சரவு சற்று அமைதியாகவேனும் நடக்கும் அல்லவா?

இது மார்க்கத்துக்குப் புறம்பான சிந்தனை என்று எவரும் அஞ்ச வேண்டாம். ஹிஜ்ரி 756-இல், அதாவது கி.பி. 1355-இல் மறைந்த இமாம் தகிய்யுத்தீன் சுப்கீ, உறுதியான கணக்கு முடியாதென்று காட்டும் இடத்தில், கண்டேன் என்ற சாட்சியை ஏற்கலாகாது எனக் கருதினார். அவரோடு மாறுபட்டோரும் உண்டு. ஆனால் வாதத்தில் இரு தரப்பாரும் கணக்கை அறிந்தே பேசினர். அண்மைக் காலத்திலும் ஒரு நிகழ்ச்சி உண்டு. 2011-ஆம் ஆண்டு ரமலானில் துபாயின் தலைமை முஃப்தி அஹ்மத் அல்ஹத்தாத், புர்ஜ் கலீஃபா கட்டடத்தின் 80-ஆம் மாடிக்கு மேல் இருப்போர் நோன்பு திறக்க 2 நிமிடமும், 150-ஆம் மாடிக்கு மேல் இருப்போர் 3 நிமிடமும் கூடுதலாகக் காத்திருக்க வேண்டும் என்றார். உயரத்தை 550 மீட்டர் என்று வைத்து நீங்களே கணக்கிடுங்கள்: தொடுவானம் ஏறத்தாழ 84 கிலோமீட்டர், முக்கால் பாகை, 3 நிமிடம். முஃப்தியின் சொல்லும் முக்கோணமும் ஒன்றையே கூறுகின்றன. துபாய்க் கட்டடங்களில் உழைக்கும் தமிழர்களுள் எத்தனை பேருக்கு, அந்த 3 நிமிடத்தின் காரணம் தம் பத்தாம் வகுப்புப் புத்தகத்தில் இருந்ததென்று தெரியும்?

இறுதியாக, கந்தக பூமிக்கே திரும்புவோம். நம் வழக்கின் உயிர் அங்கேதான் இருக்கிறது. பட்டாசு ஆபீசில் அறைக்கும் அறைக்கும் இடையே இவ்வளவு இடைவெளி வேண்டும், ஓர் அறையில் இவ்வளவு மருந்துக்கு மேல் இருக்கலாகாது, இத்தனை ஆட்களுக்கு மேல் அமரலாகாது என்று வெடிபொருள் விதிகள் எண்களாலேயே பேசுகின்றன. அந்த எண்கள் எவரும் மனம்போன போக்கில் எழுதியவை அல்ல. மருந்தின் எடைக்கும் வெடியின் வீச்சுக்கும் உள்ள உறவிலிருந்து பிறந்தவை. உயரத்திலிருந்து தொடுவானம் பிறப்பதைப் போன்றே, எடையிலிருந்து இடைவெளி பிறக்கிறது. 2012 செப்டம்பர் 5-ஆம் நாள் முதலிப்பட்டியிலும், 2021 பிப்ரவரி 12-ஆம் நாள் அச்சங்குளத்திலும் எழுந்த புகையை இம்மாவட்டம் மறக்கவில்லை. அளவுக்கு மீறிய மருந்து, அளவுக்கு மீறிய ஆட்கள் என்ற சொற்கள் இத்தகைய விபத்துச் செய்திகளில் மீண்டும் மீண்டும் வருபவை. விதியை மீறுபவரே குற்றவாளி. மாண்ட தொழிலாளியின் அறியாமை மீது பழி போடுவது பாவம். அதில் நமக்கு இரண்டாம் கருத்தில்லை. ஆனால், எண்ணுக்குக் காரணம் உண்டு என்று ஒரு முறையேனும் தானே கண்டுணர்ந்த பிள்ளை, நாளை அந்த வாசலில் நின்றாலும் சரி, ஆய்வாளராக வந்தாலும் சரி, இந்த இடைவெளி ஏன் குறைந்திருக்கிறது என்று கேட்பாள். எண்ணை மனப்பாடம் செய்து மட்டுமே தேறிய பிள்ளைக்கு அந்தக் கேள்வி எழாது; எழுந்தாலும், கேட்பது தன் வேலையன்று என்றே எண்ணுவாள். நான்காமவரே, நீர் மிச்சம் என்று நினைத்த இடத்தில் இழப்பது இதைத்தான்.

நாம் கேட்பது பெருஞ்செலவில்லை. புதிய பாடநூல் வேண்டாம், அரசாணை வேண்டாம். ஆண்டில் ஒரு மாலைப்பொழுது போதும். பத்தாம் வகுப்புப் பிள்ளைகளை ஆசிரியர் பள்ளியின் மொட்டைமாடிக்கு அழைத்துச் செல்லட்டும். ஒரு கயிற்றில் கல்லைக் கட்டித் தொங்கவிட்டு மாடியின் உயரத்தை அவர்களே அளக்கட்டும். அதனோடு பாதியைக் கூட்டி மூலம் காணட்டும். எதிரே தெரியும் கோபுரமோ மினாராவோ தேவாலயக் கூம்போ தண்ணீர்த் தொட்டியோ தம் கணக்குக்குள் அடங்குகிறதா என்று பார்க்கட்டும். ஜமாஅத்துகள் தங்கள் மத்ரஸா மாணவர்களை மினாராவில் ஏற்றி, பிறை பார்க்கும் திசையில் மலை எத்தனை பாகை மறைக்கிறதென்று அளக்கச் செய்யட்டும்; அந்த எண்ணைப் பள்ளிவாசல் சுவரில் எழுதியும் வைக்கட்டும். சுற்றுலாப் பேருந்து தனுஷ்கோடிக்குப் போகும் நாளில், கை காட்டுபவரிடம் உயரம் என்ன என்று கேட்கும் துணிவைப் பிள்ளைகளுக்குக் கொடுத்தனுப்பட்டும்.

இவ்வளவையும் செய்த பின்னும், தெரிந்து என்ன ஆகப்போகிறது என்று நான்காமவர் கேட்பாராயின், அவருக்கு நாம் மறுமொழி கூற வேண்டியிராது. மாடியிலிருந்து இறங்கி வரும் பிள்ளைகளே கூறிக்கொள்வார்கள்.